மார்கழிப் பனியில் ஓர் அம்பாசிடர்

பழைய பெட்ரோல் கார் வைத்திருந்தவர்களுக்கு ஐப்பசியிலிருந்து தை வரையிலான நான்கு மாதங்கள் தனியொரு பருவம். கோடையில் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் உயிர்பெறும் வண்டி, காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறியதும் முரண்டு பிடிக்கும். செல்ஃப் சுற்றும், பெட்ரோல் வாடை வரும், இன்ஜின் மட்டும் பற்றாது. தெருவில் போகிறவர்கள் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும், சோக்கை இழுங்கள், சோக்கை விடுங்கள், நாலு பேர் சேர்ந்து தள்ளுங்கள். பத்து மணி வெயில் ஏறியதும் ஒன்றுமே நடவாததுபோல் வண்டி கிளம்பிவிடும். அத்தோடு அந்த விஷயம் மறந்துபோகும், அடுத்த ஈரக் காலை வரை.

இலக்கியம் பேசும் இடத்தில் கார் ரிப்பேருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு காரணத்தை மனிதர்கள் எப்படித் தேடிக் கண்டடைகிறார்கள் என்பதை அருகில் இருந்து நான் முழுமையாகப் பார்த்தது இந்த ஒரு விஷயத்தில்தான். எங்கள் வீட்டில் அந்தத் தேடல் பொழுதுபோக்காகவும் இருக்கவில்லை. அம்மாவின் மூச்சு அதில் சம்பந்தப்பட்டிருந்தது.

*

எங்கள் வீடு சோழவந்தானுக்கு அருகே, வைகையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருந்தது. மதுரையிலிருந்து கோச்சடை, துவரிமான், மேலக்கால் வழியாகப் போகவேண்டும். மதுரை என்றதும் வெயிலும் மொட்டைப் பாறைக் குன்றுகளும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பகுதி வேறோர் உலகமாகத் தெரியும். பெரியாற்று நீரும் வைகை நீரும் பாயும் நெல்வயல்கள், தென்னந்தோப்புகள், வெற்றிலைக் கொடிக்கால்கள். கொடிக்காலுக்குள் நுழைந்தால் சித்திரையிலும் சட்டை ஈரம் குடித்துவிடும். மார்கழி விடியலில் வயல்களின்மேல் பனி முழங்கால் உயரத்துக்கு அசையாமல் நிற்கும்.

நான் சொல்வது 1997க்கும் 2001க்கும் இடைப்பட்ட காலம். அப்பா பொதுப்பணித் துறையில் கண்மாய்களையும் மடைகளையும் பார்க்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, 1984ஆம் வருடத்து மார்க் ஃபோர் அம்பாசிடர் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினார். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சொகுசுக்காக வாங்கியதல்ல அது. அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தது. ஊரில் அதற்கு இழுப்பு என்று பெயர். பகலில் சமைப்பார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், பக்கத்து வீட்டுக்காரிகளோடு சிரித்துப் பேசுவார். இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கயிறுகட்டி இழுப்பதுபோல் இழுப்பார். இன்ஹேலருக்கு அடங்காத இரவுகளில் மதுரைக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும்.

இன்றைய வாசகருக்கு ஒரு தகவல் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் இரவு மூன்று மணிக்கு மூச்சு முட்டினால், வீட்டில் வண்டி இருக்கவேண்டும், அல்லது வண்டி வைத்திருப்பவரின் கதவைத் தட்டவேண்டும். எங்களிடம் வண்டி இருந்தது. கொடுமை என்னவென்றால், அம்மாவுக்கு இழுப்பு முற்றும் இரவுகளும் வண்டி கிளம்பாத இரவுகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன.

1998 மார்கழியில் ஓர் இரவு முக்கால் மணி நேரம் போராடினோம். செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி சோர்ந்தது. பிறகு இரும்பு ஹேண்டிலை முன்னால் செருகிச் சுற்றினோம். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து அந்த மூச்சின் சீழ்க்கை கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அடுத்த தெருவில் வாடகைக் கார் ஓட்டுபவரை எழுப்பினோம். அவருடையதும் அம்பாசிடர்தான், ஆனால் டீசல். எங்கள் வண்டியைப் போலவே அதுவும் வெட்டவெளியில் பனியில் நனைந்து நின்றது. சிறிது நேரம் ஹீட்டர் போட்டுவிட்டு அடித்தார், கிளம்பிவிட்டது. அம்மா பிழைத்தார். டீசல் வண்டி ஏன் கிளம்பியது என்ற கேள்வியை அப்பா மட்டும் விடவில்லை.

*

அதற்கு முன்பே வண்டிக்குப் பல வைத்தியங்கள் நடந்திருந்தன. மதுரையில் ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். இன்னொன்றில் பெட்ரோல் டேங்கை இறக்கி அலசினார்கள். மூன்றாவது இடத்தில் புது பேட்டரி மாற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி சரியாகித் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்துக்குள் ஏதாவதொரு விடியலில் மறுபடி படுத்துக்கொண்டது. அவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. இன்ஜின் சூடாகி, வெயிலும் காய்ந்து, கோளாறு இருந்த சுவடே இல்லாமல் போயிருக்கும். இல்லாத நோய்க்கு அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்தார்கள்.

ஈரத்தில் கிளம்பாத வண்டியின் முதல் சிக்கல் இதுதான். பரிசோதிப்பவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்போது அது ஆரோக்கியமாக இருக்கும்.

*

டீசல் இன்ஜினுக்குப் பொறி தேவையில்லை. காற்றை நெருக்கி நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறது. பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு தடவையும் ஒரு மின்பொறியை நம்பியிருக்கிறது. இரண்டு வண்டிகளும் ஒரே பனியில் நின்று, ஒன்று கிளம்பி மற்றது கிளம்பாமல் போனால், சந்தேகம் பொறியின்மேல்தான் விழவேண்டும். அப்பா இதைத் தன் போக்கில் யோசித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அந்தப் பொறி பிறக்கும் விதம் ஓர் அழகான விஷயம். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் 1910இல் கேடிலாக் கார்களுக்காக அமைத்த முறை, பெரிய மாறுதல் இல்லாமல் எங்கள் 1984ஆம் வருடத்து வண்டி வரைக்கும் வந்திருந்தது. பேட்டரியில் இருப்பது வெறும் 12 வோல்ட். அது இக்னிஷன் காயிலின் முதல் சுற்றுக்குள் ஓடுகிறது. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் என்ற சின்னஞ்சிறு இணைப்பு சட்டென்று திறந்து அந்த ஓட்டத்தை அறுக்கிறது. அறுபட்ட கணத்தில் காயிலின் இரண்டாம் சுற்றில், பல்லாயிரம் சுருள்களுக்குள், 15,000 வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம் எழுகிறது. அது தடித்த ஒயர் வழியாக டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவுக்கு வந்து, உள்ளே சுழலும் ரோட்டர் மூலம் நான்கு ப்ளக்குகளுக்கும் முறைவைத்துப் பங்கிடப்படுகிறது. ப்ளக்கின் முனையில் இருக்கும் இடைவெளி முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த இடைவெளியைத் தாண்டத்தான் இத்தனை ஆயிரம் வோல்ட். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் 6000 தடவை இது நடக்கிறது.

இத்தனை அழுத்தமுள்ள மின்சாரம் ப்ளக்கின் முனைக்குத்தான் போகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதைவிட எளிய வழி ஒன்று கிடைத்தால் அதில் போய்விடும். ஒயரின் ரப்பர் வெடிப்பில், மூடியின் மேல் படிந்த அழுக்கில், அருகிலிருக்கும் இரும்பில் இறங்கிவிடும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் எங்கள் ஊர் வண்டியின் இன்ஜினுக்குள் சுத்தமான தண்ணீர் எங்கிருந்து வரும்? பங்குனியிலிருந்து புரட்டாசி வரை பறக்கும் புழுதி ஒயர்களின்மேல் படிந்திருக்கும். அதில் இன்ஜின் எண்ணெயின் ஆவி ஒட்டியிருக்கும். உப்பும் கரியும் சேர்ந்திருக்கும். காய்ந்திருக்கும்வரை அந்தப் படலம் ஒரு தீங்கும் செய்யாது. அதன்மேல் பனி இறங்கியதும் அது மின்சாரம் ஓடும் பாதையாகிவிடும். மார்கழியில் வெளிப்பட்ட கோளாறின் பாதி, வைகாசிப் புழுதியில் தயாராகியிருந்தது.

கிளம்பும் நேரத்தில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பேட்டரியிலிருந்து மிகப்பெரும் பங்கை அதுவே இழுத்துக்கொள்ளும். 12 வோல்ட் பத்துக்கும் கீழே இறங்கலாம். காயிலுக்கு மிஞ்சுவது குறைவு, பொறியும் பலவீனம். இன்ஜினும் குளிர்ந்திருக்கிறது, பெட்ரோலும் சரியாக ஆவியாகவில்லை. எல்லாம் நலிந்திருக்கும் அந்தச் சில நொடிகளில் ஈரம் தன் பங்கைக் கேட்கிறது. ஒருமுறை பற்றிவிட்டால் போதும், சூடு ஏறி ஈரம் காய்ந்துவிடும். அடுத்த விடியல்வரை கோளாறு தலைமறைவு.

இதை அப்பாவிடம் பின்னாளில் விளக்கியபோது அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். “கரையில எலி வளை இருக்கிறது கண்மாய் நெறையிற அன்னைக்குத்தான்டா தெரியும்.” முப்பது வருடம் கரைகளில் நடந்தவருக்கு, அழுத்தம் பலவீனத்தைத் தேடிப் போகும் என்பது யாரும் சொல்லித்தரவேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

*

அப்பாவிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. பணியில் இருந்தபோது மழைமானியின் அளவை தினமும் காலையில் குறிப்பார்கள். ஓய்வுக்குப் பிறகும் ஒரு நீளமான நோட்டில் தினசரி வானிலையை எழுதிக்கொண்டிருந்தார். மழை, மேகம், காற்று, பனி. 1998 மார்கழி இரவுக்குப் பிறகு அதில் இரண்டு பத்திகள் கூடின. ஒன்றில் வண்டி எத்தனாவது முயற்சியில் கிளம்பியது என்று எழுதினார். மற்றதில் அம்மா இரவில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று எழுதினார். தினமும் விடியலில் எழுந்து, எங்கும் போகவேண்டிய தேவை இல்லாதபோதும், வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்.

ஓராண்டு எழுதிய பிறகு அந்த நோட்டில் தெரிந்தது எங்கள் யாரும் எதிர்பார்க்காதது. அடைமழை பெய்த இரவுகளில் வண்டி அவ்வளவாகத் தகராறு செய்யவில்லை. மேகம் மூடி, காற்றடித்து, மழை கொட்டிய ஐப்பசி விடியல்களில்கூட இரண்டாம் மூன்றாம் முயற்சியில் கிளம்பியிருந்தது. அது அறவே படுத்துக்கொண்ட நாட்கள் மழையே இல்லாத நாட்கள். வானம் தெளிந்து, நட்சத்திரம் தெரிந்து, காற்று அசையாமல் நின்ற மார்கழி இரவுகள்.

இதன் காரணம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மேகம் ஒரு போர்வை. அது இருக்கும் இரவில் தரை தன் சூட்டை முழுதாக இழப்பதில்லை. வானம் தெளிந்த இரவில் திறந்தவெளியில் நிற்கும் இரும்பு, சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்கிறது. பாசன வயல்களுக்கு நடுவே காற்றில் ஈரம் ஏராளம். குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் அது நீர்த்துளியாகப் படிகிறது. மழை மேலிருந்து விழுவது. பானட் அதைத் தடுத்துவிடும். பனிநீரோ பானட்டுக்குள்ளேயே, ஒயரின் மேலேயே பிறக்கிறது. எந்த மூடியும் அதைத் தடுக்காது.

நோட்டில் இன்னொரு சாட்சியும் இருந்தது. கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் காட்டில் சித்தி வீடு. 1999 தை மாதத்தில் அங்கே ஒரு வாரம் தங்கியிருந்தோம். அங்கே வயல் இல்லை, கால்வாய் இல்லை, வறண்ட காற்று. அந்த வாரம் முழுக்க வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பியது. அம்மாவும் விடிய விடியத் தூங்கினார்.

*

மதுரைக்கும் மோட்டாருக்கும் உறவு பழையது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய தொழில் மதுரையை மையமாகக் கொண்டே வளர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து வாயுவாக்கி அதில் பேருந்து ஓட்டும் சாதனத்தை அந்த நிறுவனம் தயாரித்தது. 1961இல் பிரிட்டனின் லூகாஸோடு அதே குடும்பம் கூட்டுச் சேர்ந்து, சென்னைக்கருகே பாடியில் டிஸ்ட்ரிப்யூட்டரும் செல்ஃப் மோட்டாரும் செய்யத் தொடங்கியது. பெரிய நிறுவனங்களின் நிழலில் மதுரையின் சந்துகளில் நூற்றுக்கணக்கான கைத்திறன்காரர்கள் உருவானார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பாய். ஆரப்பாளையம் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் பட்டறை. பேருந்துக் கம்பெனி ஒன்றின் ஷெட்டில் பதினான்கு வயதில் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கப் போனவர். நாங்கள் சந்தித்தபோது அறுபதை நெருங்கியிருந்தார்.

அப்பா வண்டியைக் காட்டியபோது அவர் பானட்டைத் திறக்கவில்லை. என்ன, எப்போது, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா நோட்டை எடுத்துக் கொடுத்தார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரத்தடி ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு சொன்னார்.

“அய்யா, நீங்க வண்டிய இங்க கொண்டாந்து நிப்பாட்டுற நேரத்துல இதுக்கு ஒரு நோவும் இல்ல. நோவு வர்ற நேரத்துல நான் அங்க இருக்கணும்ல? நல்லா பனி விழுகுற நாளாப் பாத்துச் சொல்லி விடுங்க, ராத்திரியே வந்து படுத்துக்கிறேன்.”

வந்தார். 1999 டிசம்பரில், மார்கழி பிறந்த சில நாட்களில், கடைசிப் பேருந்தில் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். அம்மா தோசை ஊற்றிக் கொடுத்தார். திண்ணையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். நாலரை மணிக்கு அவரே எங்களை எழுப்பினார். வாசல் விளக்கை அணைக்கச் சொன்னார், டார்ச்சையும் தொடவிடவில்லை. இருட்டிலேயே பானட்டைத் தூக்கினார்.

“கண்ணு இருட்டுக்குப் பழகட்டும், தம்பி. அவசரப்படாதீக.”

கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவிடம் செல்ஃப் அடிக்கச் சொன்னார். அப்போதுதான் பார்த்தேன். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின்மேல் நீல நிறத்தில் முடியளவு மெலிந்த கோடுகள் ஓடி ஓடி மறைந்தன. ஓர் ஒயர், இரும்பை உரசிச் செல்லும் இடத்தில், சின்னதாகச் சடசடத்துக்கொண்டு நீலமாக மினுங்கியது. ப்ளக்குக்குப் போகவேண்டிய பொறி வழியெல்லாம் சிந்திக்கொண்டிருந்தது. மூன்று பட்டறைகள் பகலில் தேடியும் கிடைக்காத காட்சி அது.

“பாத்தீகளா அய்யா, கரண்டு எங்க போயிக்கிட்டு இருக்குன்னு?”

மூடியைக் கழற்றி அடுக்களைக்குக் கொண்டுவந்தார். விளக்கடியில் பார்த்தால், உள்பக்கம் இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கீறியதுபோல் ஒரு கறுப்புக் கோடு. சிந்திய பொறி அந்த பேக்லைட்டைக் கருக்கிக் கருக்கி, கரியாலேயே ஒரு தடம் போட்டிருந்தது. வயலின் குறுக்கே நாலு பேர் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். அப்புறம் எல்லோரும் அதில்தான் நடப்பார்கள். அப்படித்தான் இதுவும். பாய் அதைப் பெட்ரோல் துணியால் துடைத்து, உப்புத்தாளால் மெல்லச் சுரண்டினார். அம்மா தோசைக்கல்லை இளஞ்சூட்டில் வைத்துக் கொடுக்க, அதன் ஓரத்தில் வைத்து மூடியை உலர்த்தினார். ஒயர்களையும் துடைத்துவிட்டு மாட்டினார். இரண்டாவது முயற்சியில் இன்ஜின் பற்றியது.

வேறொருவராக இருந்தால் அத்தோடு கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். பாய் அதன் பிறகு செய்ததைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். சரியான வண்டியை மறுபடி கெடுக்கப் பார்த்தார். ஒரு சொம்பில் தண்ணீர் கேட்டார். பூக்காரர்கள் மல்லிகைமேல் தெளிப்பதுபோல் விரலால், ஓடுகிற இன்ஜினின் ஒவ்வொரு பாகத்தின்மேலும் தனித்தனியாகத் தெளித்தார். காயிலின் கழுத்தில் தெளித்தார், ஒன்றும் ஆகவில்லை. முதல் ஒயர், இரண்டாவது ஒயர், ஒன்றுமில்லை. மூன்றாவது ஒயரில் தெளித்ததும் இன்ஜின் விக்கியது. உலரவிட்டு மறுபடி தெளித்தார், மறுபடி விக்கியது. மூடியில் தெளித்தபோது நின்றே போயிற்று.

“தொடச்சதுனால ஓடுச்சா, இல்ல நேரம் வந்து ஓடுச்சான்னு தெரிய வேணாமா? நெனச்சபோது அதை வரவைக்க முடிஞ்சாத்தான் பிடிச்சாச்சுன்னு அர்த்தம்.”

பிறகு செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் வோல்ட்டை மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒன்பதுக்குப் பக்கத்தில் தடுமாறியது. புது பேட்டரிக்கு இது ஆகாது என்று சொல்லிவிட்டு, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையைக் கழற்றினார். எர்த் பட்டை என்பார்கள். அதன் கீழே இரும்பு துருவேறிச் செதில் செதிலாக இருந்தது. பளபளப்பு வரும்வரை சுரண்டி முறுக்கியபின் வோல்ட் பத்துக்குமேல் நின்றது.

ஆக, காரணம் ஒன்றல்ல, மூன்று. கரித்தடம் விழுந்த மூடி, வெடித்த ஒயர், துருவேறிய எர்த். ஏதாவதொன்று மட்டும் இருந்தால் வண்டி சமாளித்துக் கிளம்பியிருக்கும். பனி இறங்கிய விடியலில் மூன்றும் சேர்ந்துகொண்டன. வண்டி செய்த நிறுவனத்தைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. பதினைந்து வயதான ரப்பரும் பேக்லைட்டும் எந்தக் காரில் இருந்தாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். புது மூடி, ரோட்டர், ஒயர் செட் எல்லாம் சேர்த்து ஆன செலவு, தேவையில்லாமல் மாற்றிய பேட்டரியின் விலையில் பாதிகூட இல்லை.

போகும்போது பாய் சில யோசனைகள் சொன்னார். புரட்டாசி பிறந்ததும் ஒயர்களையும் மூடியையும் துடைத்துவிடுங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். பனிக்காலத்தில் இரவு பானட்டின்மேல் இரண்டு காய்ந்த சாக்கைப் போட்டுவையுங்கள், இரும்பு சில்லிட்டுப் போகாது. அப்பா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

*

அதே நோட்டை அப்பா அம்மாவைப் பார்த்துவந்த மருத்துவரிடமும் கொண்டுபோனார். அங்கும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. பகல் பதினோரு மணிக்கு ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நெஞ்சு சுத்தமாக இருக்கும். ஆஸ்துமா பின்னிரவில் முற்றுவது பொதுவான இயல்பு. அந்த நேரத்தில் மருத்துவர் அருகில் இருப்பதில்லை. அவர் நோட்டைப் பொறுமையாகப் படித்தார். கள்ளிக்குடி வாரத்தின்மேல் விரலை வைத்து, ‘வீட்டில் அம்மா படுக்கும் அறை எது, அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது’ என்று கேட்டார். பின்கட்டு அறை. வெளிச்சுவரை ஒட்டி வைக்கோல் படப்பு. மழைக்காலம் முழுக்க அந்தச் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பூத்திருக்கும். ஈரம் மட்டுமல்ல, ஈரத்தில் உயிர்பெறும் பூஞ்சணமும் தூசியும்தான் மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன என்றார் அவர். அம்மாவின் கட்டில் முன்னறைக்கு வந்தது. படப்பு தோட்டத்தின் மறுகோடிக்குப் போனது. மூச்சு முட்டும்போது மட்டும் எடுத்த மருந்தோடு, தினமும் எடுக்கவேண்டிய தடுப்பு இன்ஹேலரும் சேர்ந்தது.

இழுப்பு அடியோடு நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை, இரவுகள் குறைந்தன. 2000 டிசம்பரில், வானம் தெளிந்து கிடந்த ஓர் இரவில், அம்மா மறுபடி எழுந்து உட்கார்ந்தார். மணி மூன்றேகால். அப்பா சாக்கை விலக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே பற்றியது. மேலக்கால் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. ஆற்றோரம் பனி மூடியிருந்ததால் மெதுவாகத்தான் போனோம். ஆனாலும் நாலரைக்குள் அம்மாவின் முகத்தில் நெபுலைசர் இருந்தது. அன்று அந்த மருத்துவர், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். அம்மா 2013 வரை இருந்தார்.

*

அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. 2017இல் அந்தப் பெயரை பெஜோ என்ற பிரெஞ்சு நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இன்றைய பெட்ரோல் கார்களில் டிஸ்ட்ரிப்யூட்டர் இல்லை, பாயின்ட் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு ப்ளக்கின் தலையிலும் தனித்தனி காயில் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் வழியில் சிந்துவதற்கு வழியே குறைவு. கோளாறு வந்தால் ஒரு கருவியைச் செருகி எண்ணைப் படிக்கிறார்கள். இதில் நான் வருத்தப்பட ஒன்றுமில்லை. இரவு மூன்று மணிக்கு நோயாளியோடு நிற்கும் எந்தக் குடும்பமும் பழைய காலத்தை விரும்பாது.

ஆனால் வந்து வந்து மறையும் கோளாறு என்ற இனம் அழிந்துவிடவில்லை. மழை தூறும்போது மட்டும் அறுபடும் இணைப்பு, ஒரு குறிப்பிட்ட வேளையில் மட்டும் ஏறும் காய்ச்சல், பரிசோதனை மேசையில் மட்டும் ஒளிந்துகொள்ளும் வலி. இவற்றின் முன்னால் கருவிகள் இன்றும் எல்லாம் சரி என்றே சொல்கின்றன. கோளாறு பிறக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் யாராவது ஒருவர் எழுந்து போகவேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் வேறொருவர் நாள்தோறும் எழுதி வைத்திருக்கவேண்டியிருக்கிறது. பாய் வந்தது அப்பாவின் நோட்டைப் படித்ததனால். நோட்டு பலன் தந்தது பாய் வந்து படுத்ததனால்.

மதுரைப் பக்கம் இன்னும் சிலர் பழைய அம்பாசிடரையும் பத்மினியையும் துடைத்து வைத்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த புரட்டாசியில் ஒயர்களைத் துடைத்து முடித்ததும், நிலா இல்லாத ஓர் இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு பானட்டைத் திறங்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருங்கள். பக்கத்தில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். நீலக்கோடு ஒன்றும் தெரியவில்லையென்றால் நிம்மதியாகப் போய்ப் படுக்கலாம்.